முதலில் கூரையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். பள்ளியில் மூன்று வகுப்பறை தளம் போட்டது, இரண்டு ஷீட்டு போட்டது. பங்குனி கழிந்துவிட்டால் ஷீட்டு அறைகளில் பதினொரு மணிக்கு மேல் உட்கார முடியாது. டீச்சரே பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்துவிடுவார். சில வருஷம் ஜூனில் பள்ளி திறப்பதையும் தள்ளிப் போடுகிறார்கள். கிராம சபையில் இதைப் பேசினால், "நாங்க வெயில்ல படிக்கலையா? இப்பத்தான் புதுசா வெயில் அடிக்குதா?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். வெயிலால் படிப்பு நிஜமாகவே கெடுகிறதா? மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

எங்கள் பள்ளியில் படித்து இப்போது துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் பள்ளிக்குக் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏசி வாங்கலாம் என்று ஒரு கட்சி, ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று ஒரு கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏழாவது படிக்கும் என் மகள் வருஷா வருஷம் சுற்றுச்சூழல் தினத்துக்கு 'மரம் வளர்ப்போம்' என்று படம் வரைகிறாள். இதனால் யாருக்கு என்ன லாபம்?

— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: என் ஓட்டு ஏசிக்கும் இல்லை, ஸ்மார்ட் போர்டுக்கும் இல்லை. துபாய்க்காரர் தரும் பணத்தை முதலில் அந்த ஷீட்டுக்குச் செலவழியுங்கள். ஏன் என்று சொல்ல, உங்கள் கிராம சபையில் தொடங்கி ஆப்பிரிக்கா வரை போய் வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களும் வெயில் காலத்தில் படித்தவர்கள்தான். எதற்குக் கீழே உட்கார்ந்து படித்தார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கீற்றுக் கொட்டகை, நாட்டு ஓடு, அதுவும் இல்லாவிட்டால் மரத்தடி என்பார்கள். தென்னங்கீற்று வெயிலை உள்ளே இறக்காது. நாட்டு ஓட்டின் இடுக்கு வழியே சூட்டுக்காற்று வெளியேறிவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றிக்கொண்டு 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றே இருக்கக் கூடாது என்றானது. அந்த முடிவைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கீற்றைப் பிரித்த பிறகு, வசதி உள்ள பள்ளிக்குத் தளம் வந்தது; பல பள்ளிகளுக்கு ஷீட்டுதான் வந்தது. தீப்பிடிக்காது என்ற அளவில் நிம்மதி அடைந்தோம். ஏப்ரல் மாதம் அதன் கீழே பிள்ளை எப்படி உட்காரும் என்று யோசிக்கும் மனநிலையில் அன்று யாரும் இல்லை.

வெயிலும் அன்றைய வெயில் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதற்கு முந்தின வருஷம், ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் முதலில் 7-ஆம் தேதிக்கும், பிறகு பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 என்றும் தள்ளிப்போனது உங்களுக்கே நினைவிருக்கும்.

வெளிநாட்டு நிலவரம் இதைவிட மோசம். 2024-இல் மட்டும் புயல், வெள்ளம், வெயில் என்று ஏதோ ஒன்றால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு தடைபட்டது என்று யுனிசெஃப் கணக்குச் சொல்கிறது. அதில் 17 கோடியே 10 லட்சம் பேருக்குத் தடை வந்தது வெப்ப அலையால். வங்கதேசத்தில் அந்த ஏப்ரலில் ஈத் விடுமுறை முடிந்தும் பள்ளிகள் திறக்கவில்லை. ஒருவழியாகத் திறந்த பிறகு உயர் நீதிமன்றம் தலையிட்டு மறுபடி மூடச் சொன்னது. தெற்கு சூடானில் மார்ச் மாதமே 45 டிகிரி வரும் என்று எல்லாப் பள்ளிகளையும் மூடினார்கள். மீறித் திறந்தால் பதிவு ரத்து என்று எச்சரிக்கை வேறு. அடுத்த வருஷம் பிப்ரவரியில் தலைநகர் ஜூபாவில் பிள்ளைகள் மயங்கி விழ, மறுபடியும் இரண்டு வாரம் பூட்டு. அங்கே பல பள்ளிகள் வெறும் தகரக் கொட்டகைகள். ஃபேன் போட மின்சாரமும் கிடையாது. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவில் அந்த நாடு விட்ட பங்கு உலகக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரோ எரித்ததற்கு இந்தப் பிள்ளைகள் வேர்க்கிறார்கள்.

பிலிப்பைன்ஸ் கதை கொஞ்சம் வேடிக்கையானது. அங்கே பள்ளி ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிவது வழக்கம். ஏப்ரலும் மே மாதமும் விடுமுறை. 2020-இல் கோவிட் வந்தபோது கல்வியாண்டின் தொடக்கம் தள்ளிப்போயிற்று. அதன் பலன், நாட்டின் உச்ச வெயில் மாதங்கள் இரண்டும் வகுப்புக்குள் வந்து விழுந்தன. 2024 ஏப்ரல் கடைசியில் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நேரடி வகுப்பை நிறுத்த வேண்டிய கட்டாயம் வந்தது. பிறகு ஒரு கல்வியாண்டைச் சுருக்கி 2025 ஏப்ரல் 15-க்குள் முடித்து, அந்த வருஷம் ஜூன் 16-க்குப் பள்ளி திறந்து பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். பள்ளி நாட்காட்டி வானிலையோடு ஒத்துப்போக வேண்டும் என்று நம் பாட்டிமார் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். நமக்குக் கத்திரி வெயில் விடுமுறையில் போய்விடுவது பெரிய தப்பித்தல்தான். அதன் இரு கரையிலும் இருக்கும் ஏப்ரலும் ஜூனும்தான் இப்போது நம் தலைவலி.

படிப்பு நிஜமாகவே கெடுகிறதா என்று கேட்டீர்கள். கெடுகிறது, இரண்டு வழியில். ஒரு வழியை அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள், இன்னொன்றை நம் நாட்டில்.

அமெரிக்காவில் ஒரே தேர்வை ஒரு தடவைக்கு மேல் எழுதிய ஒரு கோடி மாணவர்களின் மதிப்பெண்ணை எடுத்து, அவரவர் ஊரில் அடித்த வெயிலோடு ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஏசி இல்லாத பள்ளிகளில், பள்ளி நடக்கும் நாட்களின் சராசரி வெப்பம் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடினால், அதாவது அரை டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் கூடினால், அந்த வருஷம் கற்றதில் ஒரு சதவீதம் குறைந்தது. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் வேறு. சனி, ஞாயிறிலும் கோடை விடுமுறையிலும் அடித்த வெயில் மதிப்பெண்ணை அவ்வளவாகத் தொடவில்லை. பள்ளி நடந்த நாளின் வெயில்தான் தொட்டது. கதவு திறந்திருக்கிறது, டீச்சர் பாடம் நடத்துகிறார், பிள்ளையும் எதிரே இருக்கிறது; தலையில்தான் ஒன்றும் ஏறவில்லை. இந்த நஷ்டம் எந்த வருகைப் பதிவேட்டிலும் விழாது. விடுமுறை விட்ட நாளை எண்ணிவிடலாம், வீணாய்ப்போன பிற்பகலை யார் எண்ணுவது?

இந்தியாவில் 'அசர்' கணக்கெடுப்பின் வாசிப்பு, கணக்குத் தேர்வு விவரங்களை வைத்துக்கொண்டு மூன்று பொருளியலாளர்கள் செய்த ஆய்வும் அதே 2020-இல்தான் வந்தது. ஒரு வருஷத்தில் 29 டிகிரி சராசரிக்கு மேல் போகும் நாட்கள் கூடினால், அடுத்த வருஷம் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும் சறுக்குகின்றன. பயிர் வளரும் பருவத்தில் அடித்த வெயில்தான் இப்படிச் செய்தது, மற்றப் பருவத்து வெயில் செய்யவில்லை. புரிகிறதா? பயிர் காய்கிறது, வீட்டில் வரும்படி குறைகிறது, தட்டில் சோறு குறைகிறது, நோட்டு வாங்கத் தள்ளிப்போகிறது, அடுத்த வருஷம் மார்க்கு விழுகிறது. நூறு நாள் வேலைத் திட்டம் போய்ச் சேர்ந்த மாவட்டங்களில் இந்தச் சறுக்கல் மட்டுப்பட்டது என்பதும் அதே ஆய்வில்தான் வந்தது. ஏரி தூர்வாரக் கொடுத்த கூலி பிள்ளையின் கணக்கு மார்க்கைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கல்வித் துறை, வேளாண்மைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை என்று கோட்டையில் தனித்தனி மாடியில் உட்கார்ந்திருப்பவை எல்லாம் உங்கள் ஊர்ப் பிள்ளையின் சிலேட்டில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அதனால்தான் வெயில் என்றதும் பள்ளியை மூடுவதை நான் மருந்தாக நினைப்பதில்லை. மயக்கம் போடும் அளவுக்குப் போனால் மூடத்தான் வேண்டும், அதில் வாதமில்லை. மூடினால் பிள்ளை எங்கே போகும் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? அதன் வீடும் ஷீட்டு வீடாக இருந்தால், ஒரு ஷீட்டிலிருந்து இன்னொரு ஷீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். பள்ளியில் கிடைத்த காலை உணவும் போச்சு, மதிய உணவும் போச்சு. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் மூத்த பெண் பிள்ளை அன்றைக்கு அம்மாவாகிவிடும். கோவிட் காலத்தில் இதையெல்லாம் ஒருமுறை பார்த்தாயிற்று.

இனி கூரைக்கு வருகிறேன். புர்கினா பாசோ என்று மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அங்கே காண்டோ என்ற கிராமத்தில் 1965-இல் பிறந்தவர் பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சிமெண்டுக் கட்டடத்தில் காற்றோட்டம் இல்லாத, நெருக்கியடித்த வகுப்பு. பிறகு தச்சுத் தொழில் கற்க உதவித்தொகை கிடைத்து ஜெர்மனி போனார், பெர்லினில் கட்டடக் கலை படித்தார். படிக்கும்போதே நண்பர்களிடம் பணம் திரட்டித் தன் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி கட்டினார். அது 2001-இல் முடிந்தது.

அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சுவர், ஊர் மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அச்சில் அழுத்திய கல். மண் சுவரா என்று முதலில் ஊராரே முகம் சுளித்தார்களாம், மழையில் கரைந்துவிடும் என்று. கூரைக்குத் தகரம்தான் போட்டார், நாம் போடும் அதே தகரம். ஆனால் வகுப்பறைக்கு மேலே அந்த மண் கல்லாலேயே ஒரு உள்கூரை அமைத்து, அதில் காற்றுப்போக இடைவெளி விட்டார். அதற்கும் மேலே, கம்பிச் சட்டங்களின் மேல் தகரத்தைத் தூக்கி நிறுத்தினார். தகரம் என்னதான் கொதித்தாலும் அந்தச் சூடு நேரே பிள்ளையின் தலையில் இறங்காது. நடுவில் இருக்கும் இடைவெளியில் காற்று சூடாகி ஓடிவிடும். ஓடும்போது வகுப்பறையின் புழுக்கத்தையும் மேலே இழுத்துக்கொண்டு போகும். தகரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் சுவருக்கு வெயிலும் படாது, மழையும் படாது. கிரேன் வராத ஊர் என்பதால், கடையில் கிடைக்கும் கட்டுக்கம்பியை அளவாக வெட்டிப் பற்றவைத்துச் சட்டம் செய்ய ஊர்க்காரர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். மின்சாரம் ஒரு யூனிட் செலவில்லை. 2004-இல் அந்தப் பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022-இல் கட்டடக் கலையின் ஆகப்பெரிய பரிசான பிரிட்ஸ்கர் கெரேவுக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பிறந்தவர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

நீங்கள் பள்ளியை இடித்துக் கட்ட வேண்டாம். அந்தச் சூட்சுமத்தில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வெயில் ஷீட்டில் ஏறக் கூடாது, ஏறியது கீழே இறங்கக் கூடாது.

ஏறாமல் இருக்க, வெளிப்புறம் வெள்ளைப் பூச்சு. வெயிலைத் திருப்பி அடிக்கும் 'கூல் ரூஃப்' பெயின்ட் என்று பெயின்ட் கடையில் கேட்டால் கிடைக்கும். அகமதாபாத்தில் 2010 வெயிலில் நிறையப் பேர் செத்த பிறகு, 2013-இல் மாநகராட்சியே வெப்பச் செயல்திட்டம் போட்டது. பின்னாளில் ஏழை வீடுகளின் கூரைக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அறைக்குள் சில டிகிரி குறையும். சில டிகிரிதானே என்று நினைக்காதீர்கள், மேலே சொன்ன அரை டிகிரிக் கணக்கை மறந்துவிட வேண்டாம். உங்கள் தளம் போட்ட அறைகளின் மொட்டை மாடிக்கு ஃபெவிகால் கலந்த சுண்ணாம்பே போதும். மழையில் கரையும், வருஷம் ஒருமுறை அடித்துக்கொள்ளலாம். தகரத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம், நிற்காது, உரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஷீட்டு தகரமா, ஆஸ்பெஸ்டாஸா என்று கேள்வியில் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் பெயின்ட் அடிக்கும் முன் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, துளை போடுவது எதுவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். நனைத்து மெதுவாகக் கழுவி அடிக்கச் சொல்லுங்கள், அதுவும் பிள்ளைகள் இல்லாத நாளில். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஆள் எடை தாங்காது. மேலே போகிறவர் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல்தான் கால் வைக்க வேண்டும். உடைந்து கிடக்கும் ஷீட்டு இருந்தால் பூச்சு வேலையே வேண்டாம், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஏறியது இறங்காமல் இருக்க, ஷீட்டுக்குக் கீழே ஓர் அடியாவது இடைவெளி விட்டு உள்கூரை. மலிவு என்று தெர்மோகோல் போடும்படி யாராவது சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் தெர்மோகோலா? கும்பகோணத்தை நினைத்துக்கொண்டு தயங்காமல் மறுத்துவிடுங்கள். தீப்பிடிக்காத கால்சியம் சிலிகேட் போர்டு இருக்கிறது. இடைவெளியில் சேரும் சூடு வெளியேற, இரு பக்க முக்கோணச் சுவரிலும் ஜாலி வைக்கச் சொல்லுங்கள், எலி புகாமல் வலை அடித்து. மேற்குச் சுவருக்கு இரண்டு வேம்போ புங்கோ நட்டால், அடுத்த மேலாண்மைக் குழு காலத்தில் அது உதவும்.

ஏசிக்காரர்களுக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். அமெரிக்க ஆய்வில் ஏசி இருந்த பள்ளிகளில் வெயிலின் பாதிப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது. ஏசி வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடுக்கு உள்ள அறையில் ஏசி போட்டால் தெருவுக்குத்தான் குளிரும். கரண்டு பில்லை மாதா மாதம் துபாய்க்காரர் கட்டுவாரா? கெட்டுப்போனால் மெக்கானிக்கை யார் கூப்பிடுவது? ஸ்மார்ட் போர்டைப் பற்றி ஒரு வரி போதும்: அதை அந்த ஷீட்டு அறையில் மாட்டினால், டீச்சரும் பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் இருப்பார்கள், போர்டு மட்டும் உள்ளே இருக்கும்.

பணம் தேவைப்படாத ஒரு காரியமும் உண்டு. கேரளத்தில் 2019-இலேயே சில பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல வழக்கம், பிள்ளைகளுக்குத் தாகம் தெரிவதற்குள் உடம்பு காய்ந்துவிடும். உங்கள் பள்ளியில் மணி அடித்தும் ஆறாவது, ஏழாவது பெண் பிள்ளைகள் பாட்டிலைத் திறக்கவில்லை என்றால், உங்கள் மகளைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை அல்லது தண்ணீர் இல்லை என்று வரும் பதில். வெயிலைச் சமாளிக்க ஒரு தாழ்ப்பாள் தேவைப்படும் என்று எந்த நிபுணர் குழுவும் எழுதுவதில்லை. அதைத் தாய்மார்கள் உள்ள குழுதான் கண்டுபிடிக்க முடியும்.

மகளின் படத்துக்கு வருவோம். படம் வரைவதில் தப்பொன்றும் இல்லை, பிள்ளைக்குச் சந்தோஷம். ஆனால் சூழல் கல்வி என்று உலகம் பேச ஆரம்பித்தபோது நினைத்தது அதை இல்லை. 1977-இல் யுனெஸ்கோ கூட்டிய திபிலிசி மாநாட்டிலேயே, தம் ஊரின் சூழல் பிரச்சினையை மாணவர்கள் கையில் எடுத்துத் தீர்வு தேடிப் பழக வேண்டும் என்று பேசினார்கள். நம் நாட்டில் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடம் வந்தது, புத்தகம் வந்தது, ஐந்து மதிப்பெண் வினாவும் வந்தது. உங்கள் பள்ளியில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சூழல் பிரச்சினை தலைக்கு மேலேயே இருக்கிறது, அதை யாரும் பாடமாகப் பார்க்கவில்லை.

சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி மூன்று வாங்குங்கள். ஒன்று ஷீட்டு அறையில், பிள்ளையின் தலை உயரத்தில். ஒன்று தளம் போட்ட அறையில். மூன்றாவது வேப்பமரத்தடியில். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து காலை பத்து, பகல் பன்னிரண்டு, பிற்பகல் இரண்டு என்று பார்த்து எழுதட்டும். கணக்கு டீச்சர் அதையே வரைபடப் பாடமாக நடத்திவிடலாம், அறிவியல் டீச்சர் வெப்பக் கடத்தலுக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். எந்த நாளில் எத்தனை பேர் தலைவலி என்றார்கள் என்றும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் உங்கள் மகளே அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டும், சிரித்த பெரியவர்கள் கேட்கட்டும். பெயின்ட் அடித்த பிறகு அதே அறையில் எடுத்த கணக்கைப் பணம் கொடுத்தவருக்கும் அனுப்பிவைக்கலாம், ரசீதோடு சேர்த்து.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு உங்கள் குழுவுடையது. கூரை, உள்கூரை, கழிப்பறைத் தாழ்ப்பாள் மூன்றையும் அதில் எழுதித் தீர்மானம் போடுங்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல், ஊராட்சிக்கு ஒரு நகல். வெளிநாட்டுப் பணத்தைத் தனி ஆள் கையில் வாங்காதீர்கள். முன்னாள் மாணவர்கள் உதவுவதற்கென்றே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது, அந்த வழியாக வரட்டும். இரண்டு ஷீட்டு அறைகளுக்குப் பதில் தளம் போட்ட கட்டடம் வேண்டும் என்ற கோரிக்கையையும் விட்டுவிடாதீர்கள், அது வர நாளாகும். பூச்சு வேலையைப் பொங்கல் விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். மாசி பிறந்துவிட்டால் பெயின்டர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் அந்த ஷீட்டின் மேல் கால் வைக்க மாட்டார்.